சட்டைப்பைக்குள் ஒரு டேர்மினல்

2022 மார்ச் இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. வீட்டு ரவுட்டர் நின்றுவிடும். மடிக்கணினியின் பற்றரி சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். கைத்தொலைபேசிதான் மிஞ்சும். ஆனால் வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றில் இயங்கும் செய்தித் தளத்துக்கு இங்கு மின்சாரம் போனதால் எதுவும் ஆகாது. அந்தச் சேர்வருக்குக் கட்டளை கொடுக்க ஒரு வழி இருந்தால் போதும். அந்த வழிதான் டேர்மினல்.

டேர்மினல் என்பது படங்களோ பொத்தான்களோ இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள திரை. கட்டளையைத் தட்டினால் பதில் எழுத்தாக வரும். தளத்தின் நிர்வாகப் பக்கம் உலாவியில் திறக்க முக்கித் தவிக்கும் வலையமைப்பிலும் இது ஓடும். போய் வருவது வெறும் எழுத்துகள்தானே.

தொடுதிரைப் போனிலும் இதைச் செய்யலாம். ஆனால் திரை விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடும். மீதியில் தெரியும் சில வரிகளை வைத்து வேலை செய்வது எரிச்சல். அதைவிடப் பெரிய பிரச்சினை பிழை. கோப்புகளை அழிக்கும் கட்டளையில் ஒரு இடைவெளி தவறிய இடத்தில் விழுந்தால், ஒரு கோப்புக்குப் பதிலாக முழுக் கோப்புறையும் போய்விடக்கூடும். விரலுக்கு விசை தட்டுப்படுவது இங்கே வெறும் சொகுசு அல்ல.

இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் வந்தது 2009 இன் நொக்கியா என்900. திரையைத் தள்ளினால் கீழே மூன்று வரிசை விசைகள். உள்ளே டெபியன் லினக்ஸைத் தழுவிய மேமோ. டேர்மினல் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இருந்தது. அதற்குப் பின் அப்படி ஒரு போனை நொக்கியா விற்பனைக்கு விடவில்லை என்பது என் துக்கம்.

பின்னாளில் வந்தவற்றுள் பிளக்பெரி கீ2 (2018) குறிப்பிடத்தக்கது. திரை 4.5 அங்குலம்தான், ஆனால் முழுவதும் எழுத்துக்கே. அது அன்ட்ரொய்ட் போன் என்பதால் டேர்மக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். எஃப்-டிரொய்ட் களஞ்சியத்திலிருந்து எடுப்பது நல்லது. போனை உடைத்துத் திறக்கத் தேவையில்லை.

கீ2 இல் கொன்ட்ரோல், எஸ்கேப், டாப் விசைகள் இல்லை. டேர்மக்ஸ் இதற்கு ஒலியளவு விசைகளைப் பயன்படுத்துகிறது. ஒலி குறைக்கும் விசை கொன்ட்ரோலாக மாறும். ஒலி கூட்டும் விசையோடு 'ஈ' எழுத்தை அழுத்தினால் எஸ்கேப், 'டி' அழுத்தினால் டாப், 'எல்' அழுத்தினால் கட்டளைகளை இணைக்கும் நெடுங்கோடு. இரண்டு நாளில் கை பழகிவிடும்.

தமிழுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். பெரும்பாலான டேர்மினல்களில் நம் உயிர்மெய் எழுத்துகள் உடைந்தே தெரியும். செய்தியை வேறு செயலியில் எழுதிக் கோப்பாக அனுப்புவதே வசதி.

சேர்வருடன் பேசும் வழி எஸ்எஸ்எச். 1995 இல் பின்லாந்தில், பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்ட பின் உருவானது. அதன் குறை, இணைப்பு அறுந்தால் அமர்வும் அறுந்துவிடும். பஸ்ஸில் போகும்போது இது அடிக்கடி நடக்கும். மொஷ் என்ற நிரல் இதைத் தீர்க்கிறது. சிக்னல் போய் வந்தாலும், வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறினாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். சேர்வரின் தீச்சுவரில் யூடிபி 60000 முதல் 61000 வரையான வாயில்களைத் திறந்துவிட வேண்டும். பழைய வரிகளை மேலே உருட்டிப் பார்க்க மொஷ் விடாது. அதற்கு டிமக்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் போன் தொலைவது மட்டும் ஆபத்தல்ல, அது வாங்கிப் பார்க்கப்படுவதும் உண்டு. சேர்வரின் திறப்புக் கோப்பு அந்தப் போனில் கடவுச்சொல் இல்லாமல் கிடந்தால், போனைத் திறக்க முடிந்தவர் தளத்துக்குள்ளும் போகலாம். தொடர்பு தந்தவர்களின் பெயர்களும் வெளிவராத வரைவுகளும் அங்கேதான் இருக்கும். கீ2 அன்ட்ரொய்ட் 8.1 உடன் நின்றுவிட்ட போன் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அதில் வேறு ஒன்றும் வைக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பாவிப்பதே பொருத்தம்.

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் திறப்பு உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நீண்ட கடவுச்சொல் வையுங்கள். போன் கைவிட்டுப் போனால் வேறொரு கணினியிலிருந்து நுழைந்து, சேர்வரின் அனுமதிப் பட்டியலில் அந்தப் போனுக்குரிய ஒரு வரியை மட்டும் நீக்கலாம். மற்றவர்களின் வேலை தடைப்படாது.

பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் வரியை நீக்குவது புதிய நுழைவைத்தான் தடுக்கும். திறந்திருக்கும் அமர்வை அது மூடாது. சிக்னல் அறுந்தாலும் சாகாத மொஷ் இங்கே எதிராகத் திரும்பும். போன் யார் கையில் இருந்தாலும் அந்த அமர்வு அவருக்காகக் காத்திருக்கும். ஆகவே வரியை நீக்கிய கையோடு, சேர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் மொஷ் செயல்முறைகளையும் அந்தப் போன் திறந்த எஸ்எஸ்எச் அமர்வுகளையும் தேடி நிறுத்துங்கள்.