எண் அதே, இரும்பு வேறு

1950 ஜூன் மாதம். அமெரிக்காவில் பிலடெல்பியாவை ஒட்டிய மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி. கடைசி நாளின் கடைசிக் குழியில் பென் ஹோகன் நிற்கிறார். பதினாறு மாதங்களுக்கு முன் அவருடைய கார் மீது பேருந்து நேருக்கு நேர் மோதியது. பிழைத்தாலும் இனி நடப்பாரா என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். அப்படிப்பட்டவர் அன்று ஒரே நாளில் 36 குழிகள் ஆடவேண்டியிருந்தது. கொடி நட்ட கிரீன் இன்னும் 200 கெஜத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது. 1-அயர்ன் என்ற இரும்பு மட்டையை உருவினார், அடித்தார். பந்து கிரீனில் ஏறி நின்றது. மறுநாள் பிளே-ஆஃபில் கோப்பை அவருக்கு. அந்த அடியை ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்க்காத கோல்ஃப் ரசிகர் இருக்க முடியாது.

அந்த மட்டை அன்றே திருட்டுப் போனது. பல ஆண்டுகள் கழித்து ஒரு 1-அயர்ன் கிடைத்தபோது, அது ஹோகனுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பவைத்தது அதன் முகத்தில் இருந்த தேய்மானம். ஒரு நாணயத்தின் அளவு, ஒரே இடத்தில். அடித்த பந்தெல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே பட்டிருக்கிறது.

இன்று கோல்ஃப் கடையில் 1-அயர்ன் கேட்டால் சிரிப்பார்கள். பல செட்டுகளில் 3-அயர்னும் கிடையாது, 5-இல்தான் தொடங்குகின்றன. ஆனால் அந்தப் பழைய சாய்வுகள் ஒழிந்துபோகவில்லை. வேறு எண்ணைப் பொறித்துக்கொண்டு பையிலேயே இருக்கின்றன.

பெயர் இருந்தது, எண் இல்லை

நூறு ஆண்டுகளுக்கு முன் இரும்புகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். கிளீக், மிட்-அயர்ன், மேஷி, மேஷி-நிப்ளிக், நிப்ளிக் என்று அழைத்தார்கள். தண்டு ஹிக்கரி மரம். மரத்துக்கு மரம் வளைவும் முறுக்கும் மாறும் என்பதால் ஒரே பட்டறையில் செய்த இரண்டு மேஷிகள்கூட ஒன்றுபோல் அடிக்காது. ஆட்டக்காரர்கள் கடை கடையாக எடுத்துப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, கைக்கு ஒத்துவந்ததை மட்டும் பொறுக்கிச் சேர்த்தார்கள். 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற பாபி ஜோன்ஸ் ஆடியது இப்படிச் சேர்த்த ஹிக்கரி மட்டைகளால்தான்.

எஃகுத் தண்டை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924-இல் அனுமதித்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ கழகம் 1929-இல் இறங்கிவந்தது. எஃகு வந்ததும் தொழிற்சாலையில் ஒன்றுபோல் நூறு செய்ய முடிந்தது. எண்ணிட்ட வரிசைகள் அதன் பிறகே நிலைத்தன. 1938-இல் ஒருவர் பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று அமெரிக்கா விதித்தது. அதனால் ஒவ்வொரு மட்டையும் தன் இடத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

எண்ணுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு எண் ஏறினால் முகத்தின் சாய்வு, அதாவது லாஃப்ட், ஏறக்குறைய நான்கு பாகை கூடும். தண்டு அரை அங்குலம் குறையும். பந்து பத்துப் பன்னிரண்டு கெஜம் முன்னதாக விழும். 150 கெஜம் என்றால் எது, 140 என்றால் எது என்று கை தானாகப் பைக்குப் போகும். இரும்பு மட்டை தூரத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அந்த வேலைக்கு டிரைவர் என்ற மட்டை இருக்கிறது. இரும்பின் வேலை, கேட்ட தூரத்தைக் கேட்டபடி கொடுப்பது.

கத்தியால் ஆடிய காலம்

எழுபதுகள் வரை அயர்ன் என்றால் பிளேடுதான். சூடான எஃகைச் சம்மட்டியால் அச்சில் அடித்து வடித்த மெல்லிய தலை, முதுகுப்பக்கம் தடித்த ஒரு வரி, குரோம் பூச்சு. எடையெல்லாம் முகத்தின் நடுவுக்குப் பின்னால் குவிந்திருக்கும். நடுவில் பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது, பந்து போய்விடும். அரை அங்குலம் விலகினால் தலை கையிலேயே திரும்பும். குளிர்காலக் காலையில் அந்த அதிர்வு முழங்கை வரை ஏறும். கிரிக்கெட் மட்டையின் விளிம்பில் பட்ட பந்து கையை உதறவைப்பது போலத்தான் இதுவும். பந்தும் அன்று பொல்லாதது. ரப்பர் நூல் சுற்றி மேலே பலாட்டா உறை போட்டது. கீழ் விளிம்பு பட்டால் உறை கிழிந்து பந்தின் மீது பிறை போல ஒரு வெட்டு விழும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப்பந்து எடுக்கவேண்டும்.

தண்டனை கடுமை. ஆனால் சொன்னபடி கேட்கும். கையை ஒரு நூல் மாற்றினால் பந்து இடமாக வளையும், வலமாக வளையும், காற்றுக்கு அடியில் தாழப் போகும். 1972-இல் பெபிள் பீச்சில் கடல்காற்று முகத்தில் அறைய, 17-ஆம் குழியில் ஜாக் நிக்லஸ் 1-அயர்னால் அடித்த பந்து கொடிக்கம்பத்தில் மோதிக் குழிக்கு அருகே நின்றது. அது ஒரு நிக்லஸுக்கு. மற்றவர்களுக்கு 1-அயர்ன் என்றால் கிலி. இடி மின்னலில் மாட்டிக்கொண்டால் 1-அயர்னைத் தூக்கிப் பிடியுங்கள், கடவுளாலும் அதை அடிக்க முடியாது என்று ஆட்டக்காரர் லீ ட்ரெவினோ சொன்ன நகைச்சுவை இன்றும் மைதானங்களில் ஓடுகிறது.

கராஜிலிருந்து வந்த பொறியாளர்

பிளேடின் இந்த ஆட்சியை மாற்றியவர் கொல்லர் அல்ல. நார்வேயில் 1911-இல் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம். நடுவயதில் கோல்ஃபுக்கு வந்தார், ஆட்டம் கைவரவில்லை. குற்றம் தன் கையில் மட்டுமில்லை, மட்டையிலும் இருக்கிறது என்று யோசித்தார். எடையை நடுவில் குவிப்பதற்குப் பதில் இரு ஓரங்களுக்கும் தள்ளினால், ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பாது. 1959-இல் தன் வீட்டுக் கராஜில் இந்தக் கணக்கில், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் மட்டை ஒன்றைச் செய்தார். பந்து பட்டதும் எழுந்த ஓசையே பெயரானது: பிங்.

பிறகு அதே கணக்கை அயர்னுக்குக் கொண்டுவந்தார். முதுகைக் குடைந்து எடுத்து, மிச்சமான எஃகை விளிம்பைச் சுற்றி வைத்தார். இந்த வடிவத்தை அடித்து வடிப்பது கடினம். உருக்கி வார்ப்பது எளிது. 1982-இல் வந்த பிங் ஐ-2 தோற்றத்தில் அழகில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள், வாங்கியவர்களோ விடவில்லை. அதன் முகத்தில் இருந்த சதுரப் பள்ளங்கள் பந்தை அளவுக்கு மீறிச் சுழற்றுகின்றன என்று எழுந்த சண்டை நீதிமன்றம் வரை போனது. பள்ளங்களின் கூர்மைக்கு 2010-இல் புது வரம்பே வந்தது.

கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு இங்கே இரண்டாவது பொருள் பிறந்தது. ஹோகனுக்குக் கட்டுப்பாடு என்பது பந்தை விரும்பியபடி வளைப்பது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற வழக்கறிஞருக்கோ வங்கி மேலாளருக்கோ, கோணலாகப் பட்ட பந்தும் குளத்தில் விழாமல் கரை சேர்வதே கட்டுப்பாடு. இந்த இரண்டாவதை அள்ளிக் கொடுத்தது ஓர எடை. பிளேடின் காலம்தான் பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சாய்வு சுருங்கிய கதை

அடுத்து வந்ததுதான் சிக்கல். 1970-களில் 7-அயர்னின் சாய்வு 36-இலிருந்து 40 பாகைக்குள் இருந்தது. இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கென்று விற்கும் பல செட்டுகளில் 7-அயர்ன் 28, 29, 30 பாகை. பழைய கணக்கில் அது 5-அயர்ன், சிலதில் 4-க்கே பக்கத்தில் வரும். 50 பாகையை ஒட்டி இருந்த பிட்சிங் வெட்ஜ் (குட்டைத் தூர மட்டை) 43, 44-க்கு வந்துவிட்டது. தண்டும் சற்று நீண்டிருக்கிறது. அப்பா அடித்ததைவிட மகன் 7-அயர்னில் இருபது கெஜம் கூட அடிக்கிறான் என்றால், அதில் உடற்பயிற்சியின் பங்கு கொஞ்சம், பொறிக்கப்பட்ட எண்ணின் பங்கு நிறைய.

காரணம் கடையில் இருக்கிறது. சோதித்துப் பார்க்க வருகிறவர் கையில் கொடுப்பது பெரும்பாலும் 7-அயர்ன்தான். அடித்த தூரத்தைக் காட்டும் கடைத் திரை, பழைய மட்டையில் 145 கெஜமும் புதியதில் 160-உம் காட்டினால் பணப்பை திறந்துவிடும்.

முழுக்க ஏமாற்று என்றும் தள்ளிவிட முடியாது. டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தை அடியில் பதித்து, முகத்தை மெல்லிதாக்கி, உள்ளே குடைந்த புதிய தலைகளில் எடையின் மையம் மிகத் தாழ்வாக இருக்கிறது. பந்து தானாகவே உயரமாக எழும்பும். பழைய சாய்வையே வைத்திருந்தால் அது வானத்தைப் பார்த்துக்கொண்டு போய்ப் பாதியில் விழும். ஆகவே சாய்வைக் குறைத்தது பொறியியல் நியாயமும்தான். குறைத்த அளவு எல்லா இடத்திலும் நியாயமா என்பதே கேள்வி.

நிற்காத பந்து

கிரீனில் விழுந்த பந்தை நிறுத்துவது இரண்டு: எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது, எவ்வளவு பின்சுழற்சி இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் 7-அயர்ன் பந்து காற்றில் 170 கெஜத்தைத் தாண்டும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்று சுழலும், ஐம்பது பாகையை ஒட்டிய கோணத்தில் இறங்கும். விழுந்த இடத்திலேயே நிற்கும். வேகம் குறைந்த ஒருவர் 28 பாகை மட்டையால் அடித்தால் உயரமும் குறையும், சுழற்சியும் குறையும். முன்னால் விழுந்த பந்து உருண்டு பின்பக்க மணலுக்குப் போகும். திரையில் பார்த்த கூடுதல் பதினைந்து கெஜம் எதிரியாகிவிடும். நீண்ட புல்லில் கிடக்கும் பந்து இன்னும் மோசம். மட்டைக்கும் பந்துக்கும் இடையில் புல் சிக்கிச் சுழற்சி விழுந்து, எதிர்பாராத இருபது கெஜம் கூடுதலாகப் பறக்கும்.

இன்னொரு இழப்பு, செட்டின் இரு முனைகளிலும். சாய்வு 24 பாகைக்குக் குறைவாகவோ நீளம் 38 அங்குலத்துக்கு மேலாகவோ உள்ள அயர்ன் சாதாரண ஆட்டக்காரருக்கு அடிக்க வராது என்று கிளப் வடிவமைப்பாளர் டாம் விஷன் ஒரு விதி சொல்வார். ஒரு காலத்தில் அந்தக் கோட்டில் 2-அயர்னோ 3-அயர்னோ நின்றது. இன்று சில செட்டுகளில் 5-அயர்னே அதைத் தொட்டுவிட்டது. அதனால் அந்த இடத்தில் ஹைப்ரிட் என்ற மட்டையை வாங்கவேண்டும். கீழ் முனையில் பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பன்னிரண்டு பாகைப் பள்ளம் விழுகிறது. அதை அடைக்க இன்னொரு வெட்ஜ். விற்றவரே பள்ளத்தையும் விற்று, பாலத்தையும் விற்கிறார்.

வாங்கப் போகிறவருக்கு

வேடிக்கை என்னவென்றால், வேகத்துக்குக் குறைவில்லாத தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இன்றும் 34, 35 பாகை 7-அயர்னோடுதான் ஆடுகிறார்கள். கூடுதல் தூரம் வேண்டுமானால் அவர்கள் 6-ஐ எடுத்துக்கொள்வார்கள். நீண்ட அயர்ன்களை மட்டும் ஓர எடை உள்ளதாகவும், குட்டை அயர்ன்களைப் பிளேடாகவும் கலந்து வைத்துக்கொள்வதும் இன்று சகஜம். இந்தக் கலவைப் புத்தி நமக்கும் பொருந்தும்.

அன்று ஹிக்கரியை ஆட்டிப் பார்த்தவருக்குக் கிடைக்காத ஒரு வசதி இன்று இருக்கிறது: அடித்த நொடியிலேயே வேகம், சுழற்சி, இறங்கும் கோணம் எல்லாம் சொல்லும் ரேடார் கருவி. அதில் மிக நீண்ட அடியைப் பார்க்காதீர்கள். பத்துப் பந்து அடித்து, மிக நீண்டதற்கும் மிகக் குட்டையானதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இறங்கும் கோணம் 45 பாகையை எட்டுகிறதா என்று கேளுங்கள். தலையில் பொறித்த எண்ணை விட்டுவிட்டுச் சாய்வைக் கேளுங்கள். செட்டின் இரு முனைகளிலும் என்ன வாங்கவேண்டிவரும் என்பதையும் சேர்த்து விலையைக் கூட்டுங்கள். சென்னையில் ஆடிவிட்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெல்லிய மலைக்காற்றில் எந்த மட்டையும் கூடுதல் தூரம் கொடுக்கும். எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட, கீழே அந்த மட்டை ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கவேண்டும்.

வேகம் குறைந்த முதியவருக்கும், இப்போதுதான் பழகும் சிறுமிக்கும் புதிய இரும்புகள் பெரிய வரம். பந்து எழும்புகிறது, ஆட்டம் பிடிக்கிறது. அவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஏற்கெனவே போதுமான தூரம் அடிக்கிறவர் இன்னும் பதினைந்து கெஜத்துக்காகப் பணம் கொடுத்தால், பழைய 5-அயர்னையே 7 என்ற பெயரில் இரண்டாம் முறை வாங்குகிறார். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் பத்து வகுப்பு போகலாம்.