கெளுத்திக்கு எந்த இரை? தூண்டிலில் சிக்கியது நாட்டு மீனா, ஆப்பிரிக்க மீனா? தெரிந்துகொள்ள வேண்டியவை

மழை விட்டு ஏரி, கண்மாய்களில் தண்ணீர் ஏறிவிட்டால் போதும். மடை ஓரத்திலும் பாலத்தடியிலும் தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தருக்கு அரை மணி நேரத்தில் மூன்று கெளுத்தி மாட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு காலையிலிருந்து தக்கை அசைந்தே இருக்காது. "அவருக்குக் கை ராசிப்பா" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் உண்மையில் வித்தியாசம் இரையிலும், அதைப் போட்ட ஆழத்திலும், போட்ட நேரத்திலும்தான் இருக்கிறது.

கெளுத்திக்கு உடம்பெல்லாம் நாக்கு

கெளுத்திக்குச் செதில் கிடையாது. அந்த வழவழப்பான தோல் முழுக்க சுவை மொட்டுகள் இருக்கின்றன. மீசையில் இன்னும் நெருக்கமாக இருக்கும். அமெரிக்காவில் அதிகம் ஆராயப்பட்ட சேனல் கெளுத்தி என்ற இனத்தின் உடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுவை மொட்டுகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதருக்கு அதிகபட்சம் 10 ஆயிரம்தான். கலங்கிய தண்ணீரில், இருட்டில், கண்ணே தேவைப்படாமல் கெளுத்தி இரை தேடுவது இப்படித்தான்.

எனவே கெளுத்திக்குப் போடும் இரை பளபளப்பாக இருக்க வேண்டியதில்லை, வாடை அடிக்க வேண்டும். மண்புழு, கோழிக் குடல், கோழி ஈரல், இறால் தலை ஆகியவை காலங்காலமாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். இதில் மண்புழுதான் எல்லோருக்கும் எளிது. முள்ளில் கோர்க்கும்போது வால் பகுதியைக் கொஞ்சம் தொங்க விட்டால் அது நெளிந்துகொண்டே இருக்கும், வாடையும் தண்ணீரில் பரவும். ஈரலில் ஒரு சிக்கல் உண்டு. அது கொழகொழவென்று இருப்பதால் வீசும்போதே முள்ளிலிருந்து கழன்று பறந்துவிடும். ஈரலை உப்புத் தடவி சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இறுகும். அதன்பின் தையல் நூலால் முள்ளோடு இரண்டு சுற்று சுற்றிவிட்டால் கழலாது.

மைதா உருண்டை? அது கெண்டைக்கும் ஜிலேபிக்கும் சரி. கெளுத்திக்காகப் போட்டால் அது வருவதற்குள் பொடி மீன்கள் கொத்திக் கரைத்துவிடும். பொட்டுக்கடலை மாவு, தேங்காய்ப் புண்ணாக்கு கலந்து பிசைந்தால் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் அந்த இரையைத் தேடி வருவது பெரும்பாலும் ரோகு, கட்லா மாதிரியான கெண்டை வகைகள்தான்.

இரை சரியாக இருந்தும் மாட்டவில்லை என்றால் ஆழத்தைப் பார்க்க வேண்டும். கெளுத்தி பெரும்பாலும் தரையில்தான் மேயும். தக்கையை மேலே கட்டி இரையை நடுத்தண்ணீரில் தொங்கவிட்டால் அது கீழேயே போய்விடும். ஓட்டை உள்ள ஈயக்குண்டை நரம்பில் கோர்த்து, அது வழுக்கி நகரும்படி விட்டால் இரை தரையில் கிடக்கும். மீன் இழுக்கும்போது குண்டின் கனமும் அதற்குத் தெரியாது. நேரம் என்றால் பொழுது சாயும் வேளையும் இரவும். இடம் என்றால் மழைக்குப் பிறகு புதுத்தண்ணீர் வந்து விழும் வாய்க்கால் முகம். அடித்துவரப்படும் புழு பூச்சியைத் தேடி மீன் அங்கேதான் கூடும்.

புதிதாகப் பிடிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: தக்கை லேசாகத் துடித்த உடனே வெடுக்கென்று இழுப்பது. கெளுத்தி முதலில் தொட்டுப் பார்க்கும். நரம்பு ஒரே சீராக ஒரு பக்கம் நகர ஆரம்பிக்கும்போது தூக்கினால் போதும்.

விராலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது

விரால் வாடையைத் தேடி அலையும் மீன் அல்ல. தாமரை இலை, பாசி மறைவில் பதுங்கியிருந்து, அசைவதைக் கண்ணால் பார்த்துப் பாயும். அதனால்தான் அதற்கு உயிருள்ள சிறு மீன், தவளை அல்லது கடையில் விற்கும் ரப்பர் தவளை. காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வந்து போவதால், அது இருக்கும் இடம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு பந்து போலத் திரண்டு தண்ணீர் மேல் மிதந்து வரும். அதற்குக் கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்தப் பந்தின் நடுவே ரப்பர் தவளையை வீசினால், பசியே இல்லாவிட்டாலும் குஞ்சைக் காப்பாற்ற விரால் பாய்ந்து கவ்வும். சமூக வலைதளங்களில் 'முதல் வீச்சிலேயே விரால்' என்று வரும் வீடியோக்களில் சில இப்படி எடுக்கப்பட்டவைதான். இதில் திறமை என்று சொல்ல ஒன்றுமில்லை. காவல் போன கொஞ்ச நேரத்தில் மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக அடுத்த வருஷத்து விரால் கூட்டமே போய்விடும்.

முள் குத்தினால் என்ன செய்வது?

கெளுத்தியின் இரண்டு பக்கச் செவுள் ஓரத்திலும் முதுகிலும் ஊசி போன்ற முட்கள் உண்டு. பயந்தால் அவற்றை விறைத்து நிறுத்திவிடும். அதே குடும்ப வகையைச் சேர்ந்த தேளி மீனின் பக்க முள்ளில் விஷமே இருக்கிறது. பெயரே சொல்கிறது, தேள் கொட்டிய மாதிரி வலிக்கும். கடித்தது என்று பலர் சொல்வார்கள்; உண்மையில் அது குத்துவது.

குத்திவிட்டால் காயத்தைச் சுத்தமான நீரில் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைக்க வேண்டும். சுமார் 45 டிகிரி செல்சியஸ் போதும், அதைத் தாண்டினால் தோல் வெந்துவிடும். இந்த விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் வீரியம் குறையும். முள் உடைந்து உள்ளே இருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீரில் பட்ட காயம் என்பதால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. சுண்ணாம்பு தடவுவது, பிளேடால் கீறிவிடுவது எல்லாம் வேண்டாம்.

சிக்கியது ஆப்பிரிக்கக் கெளுத்தியா?

சின்னதாக, வால் இரண்டாகப் பிளந்து இருந்தால் அது நாட்டுக் கெளுத்தி. தட்டையான அகன்ற தலை, கருமையான உடல், முதுகில் தொடங்கி கிட்டத்தட்ட வால் வரை ஓடும் ஒரே நீளத் துடுப்பு, உருண்டை வால் என்று இருந்தால், அதிலும் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தால், ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். இதே சாயலில் ஒரு நாட்டு இனமும் உண்டு, ஆனால் அது இவ்வளவு பெரிதாக வளராது.

கிளாரியஸ் காரிபினஸ் என்ற இந்த ஆப்பிரிக்க மீனை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இதை ஒழிக்க உத்தரவிட்டது. காரணம் அதன் பசி. நாட்டு மீன், முட்டை, தவளை, நத்தை என்று எதையும் விடாது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும். காற்றையும் சுவாசிப்பதால் ஈரத்தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கே போய்விடும். சட்டவிரோதப் பண்ணைகளில் கோழி, இறைச்சிக் கழிவைப் போட்டு வளர்ப்பது தனிப் பிரச்னை.

'இதைத் தின்றால் புற்றுநோய் வரும்' என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் தகவலை அப்படியே நம்ப வேண்டாம். நைஜீரியாவில் இது முக்கியமான வளர்ப்பு மீன், மக்கள் தினமும் சாப்பிடுகிறார்கள். சாக்கடை கலந்த நீரிலும் அழுகிய கழிவிலும் வளர்ந்த மீன் என்றால்தான் ஆபத்து. அது எந்த மீனுக்கும் பொருந்தும்.

தூண்டிலில் இது சிக்கினால், 'பாவம்' என்று திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது. வேறு குளத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லலாம். மீன் தொட்டிக் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும், ஓடு போன்ற தோலுள்ள மீனுக்கும் இதே விதிதான். வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று யாரோ ஏரியில் விட்டதுதான் இன்று வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போடலாமா?

முடியாது. பல ஏரி, கண்மாய்கள் மீன்பாசி ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டவை. அங்கே குஞ்சு வாங்கி விட்டவர் குத்தகைதாரர், அவரிடம் கேட்காமல் பிடித்தால் தகராறுதான். பறவைகள் சரணாலயங்களில் அனுமதியே கிடையாது. அணைகளில் அந்தந்த இடத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மழைக்காலத்தில் கல்குவாரிக் குட்டைகளையும் மதகு ஓரங்களையும் தவிர்க்க வேண்டும். கரை வழுக்கும், ஆழமும் வெளியே தெரியாது. கிளம்பும்போது அறுந்த நரம்பைச் சுருட்டி எடுத்துவர வேண்டும். கொக்கும் நீர்க்காகமும் காலில் சிக்கிச் சாவது அந்த நரம்பில்தான்.