இணையப் பக்கத்துக்குப் புதிய மொழி தேவையா?

நம்மில் பலர் கடைக்கு இணையப் பக்கம் வைத்திருக்கிறோம். அதை எழுதிக் கொடுப்பவர் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து, "புதிய தரம் வந்துவிட்டது, முழுவதையும் மாற்றி எழுத வேண்டும்" என்று ஒரு தொகை சொல்கிறார். கொடுக்கலாமா? முன்பு நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். இது தலைப்பு, இது விலைப்பட்டியல், இது படம் என்று கணினிக்கு அடையாளம் சொல்வது அதன் வேலை. 2000-ம் ஆண்டு ஜனவரியில் டபிள்யூ3சி என்ற உலகத் தர அமைப்பு எக்ஸ்.எச்.டி.எம்.எல். என்ற கண்டிப்பான மொழியை வெளியிட்டது. அதன் விதியை முழுமையாகப் பின்பற்றினால், ஒரு குறியை மூடாமல் விட்டாலும் பக்கத்துக்குப் பதில் பிழைச் செய்திதான் வரும். ஒரு மூட்டையில் தையல் பிரிந்ததற்காக லாரிச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்புவது போன்றது இது. மேலும், அன்று பெரும்பாலோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர், 2011-ல் 9-ம் பதிப்பு வரும் வரை அம்முறையை ஏற்கவே இல்லை. அடுத்துத் தயாரான எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 பழைய பக்கங்களோடு ஒத்துப் போகவில்லை. 2009-ல் அந்த வேலையே கைவிடப்பட்டது.

இதற்கிடையில் 2004-ல் ஆப்பிள், மொசில்லா, ஆப்பரா நிறுவனத்தார் வேறு வழியில் சென்றனர். பழைய பக்கம் கெடக் கூடாது, புதிய வசதியும் சேர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதுவே 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல்.5 என்று தரமாயிற்று. இன்று அது எண் இல்லாமல், தொடர்ந்து திருத்தப்படும் தரமாக இருக்கிறது.

சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தபோது 1956-ம் ஆண்டுச் சட்டம் பின்னால் நின்றது; எல்லோரும் மாறினோம். இணையத்தில் அப்படிச் சட்டம் இல்லை. வாடிக்கையாளர் கையிலுள்ள கருவி எதைப் படிக்கிறதோ, அதுவே தரம்.

ஆகவே, புதிதாகப் பக்கம் வைப்போர் இன்றைய எச்.டி.எம்.எல்.-லில் எழுதச் சொல்வோம். பழைய பக்கம் நன்றாக ஓடினால், பெயருக்காக மாற்றப் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் செல்போனில் எழுத்து பொடியாகத் தெரிந்தாலோ, யூனிகோடில் இல்லாத தமிழ் புரியாத எழுத்தாக வந்தாலோ, அதைச் சரிசெய்யத் தயங்க வேண்டாம். பணம் கேட்பவரிடம் ஒரே கேள்வி கேட்போம்: "இதுவரை நம் விலைப்பட்டியலைப் படிக்க முடியாத யார் இனிப் படிப்பார்?" தெளிவான பதில் வந்தால் மட்டும் பணப்பெட்டியைத் திறப்போம்.