முறுக்கு அச்சும் முப்பத்தாறு ரூபாயும்!

2024 தீபாவளிக்கு ஆறே நாள் இருக்கும்போது எனக்கு ஞானோதயம் ஏற்பட்டது.

"தூங்கும்போதும் பணம் வரும்ப்பா!" என்று நண்பர் ஒருவர் காதில் ஓதினார். தூக்கம் எனக்குக் கைவந்த கலை. உடனே தலையாட்டினேன்.

விஷயம் இதுதான். பண்டிகைச் சாமான்களைப் பற்றி ஒரு வெப்சைட் ஆரம்பிக்க வேண்டியது. அதில் இணையக் கடையின் லிங்க்கைக் கொடுக்க வேண்டியது. அந்த லிங்க் வழியாகப் போய் யாராவது வாங்கினால் கடை நமக்குக் கமிஷன் தரும். பெயர் அஃபிலியேட். நம்ம ஊர் வீட்டுத் தரகர் செய்கிற அதே வேலைதான். செருப்புத் தேயாது, அவ்வளவே! அமேஸான் இதை 1996-லேயே ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் 28 வருஷம் தாமதம்.

பி.காம். மூளை கணக்குப் போட்டது. கமிஷன் 5 சதவீதம் என்று வையுங்கள். 2,000 ரூபாய் குக்கருக்கு 100 ரூபாய். தினம் பத்து குக்கர் விற்றால் மாதம் 30,000!

மனைவியிடம் சொன்னேன். "முதல்ல நம்ம குக்கருக்கு கேஸ்கெட் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

டொமைன், ஹோஸ்டிங் என்று 3,200 ரூபாய் காலி. ராத்திரியெல்லாம் கண்விழித்து 'சிறந்த பத்து முறுக்கு அச்சுகள்' எழுதினேன். பத்தில் ஒன்றைக்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. கடையில் போட்டிருந்த வர்ணனையைக் கொஞ்சம் மாற்றி, 'எங்கள் வீட்டில் இதுதான்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் வினை.

தீபாவளி வந்தது, போனது. விற்றது ஒரே ஒரு அச்சு. கமிஷன் 36 ரூபாய்.

வாங்கியது யார் என்று கடை சொல்லாது. மாடி வீட்டம்மாவே வந்து சொன்னார்.

"தம்பி, நீங்க எழுதினதை நம்பித்தான் வாங்கினேன். முதல் ஈடு பிழியறப்பவே கைப்பிடி கையோட வந்துடுச்சு. உங்க வீட்ல மட்டும் எப்படிப்பா உழைக்குது?"

என் மனைவி உள்ளேயிருந்து தன் அம்மா கொடுத்த பித்தளை அச்சோடு எட்டிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால்கூடத் தேவலை!

அந்தம்மா அச்சைத் திருப்பி அனுப்ப, 36 ரூபாயும் திரும்பிப் போனது. பொருள் திரும்பினால் கமிஷனும் போச்சு. அதுதான் விதி.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கூகுள் நம் பக்கத்தைக் கண்டுபிடித்து மேலே ஏற்ற மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஆடியிலேயே எழுதிவிடுங்கள். தீபாவளி தேதியும் நகரும். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. பக்கத்தின் முகவரியில் வருஷத்தைப் போடாதீர்கள். அதே பக்கத்தை அடுத்த தீபாவளிக்கும் தூசி தட்டி வைக்கலாம்.

அமேஸானில் லிங்க்கைத் தட்டிய 24 மணி நேரத்துக்குள் பொருள் கூடையில் விழ வேண்டும். நாமே வாங்கினாலும், மச்சான் வாங்கினாலும் கமிஷன் கிடையாது. வந்த பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் தொடாத பொருளைப் பற்றி எழுதாதீர்கள். 'இதில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு' என்பதையும் பளிச்சென்று போட்டுவிடுங்கள்.

2025-ல் மூன்றே சாமான்களைப் பற்றி எழுதினேன். மூன்றும் எங்கள் அடுப்படியில் அடிபட்டவை. வருமானம் 2,140 ரூபாய். வேலையை விடுகிற அளவுக்கு இல்லைதான்!

மாடி வீட்டம்மா கேட்டார்: "கமிஷன் உண்டுன்னு நீங்களே போட்டிருக்கீங்களே தம்பி?"

"ஆமாங்க."

"அப்ப நம்பலாம். ஆனா இந்தத் தடவை நீங்களே பிழிஞ்சு காட்டுங்க."

ஒரு கிலோ மாவு பிழிந்தேன். தோள்பட்டை விண்டு போச்சு. தூங்கும்போது பணம் வருகிறதோ இல்லையோ, அன்று தூக்கம் நன்றாக வந்தது.

முதல் கமிஷனில் என்ன வாங்கினேன் என்கிறீர்களா?

குக்கருக்கு கேஸ்கெட்!