அச்சிட்ட வேகமும் ஓடுகிற வேகமும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்து, வீட்டு உபயோகஸ்தர்களில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் நீட்டித்துத் தரப்பட்ட அவகாசமும் 2026 அக்டோபர் 13-ஆம் தேதியோடு தீருகிறது என்ற நிலையில், பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்ட மனமில்லாமல் அதிலேயே ராமைக் கூட்டிச் சமாளிக்க முயல்கிறவர்களின் கடிதங்கள் நமக்கு வந்த வண்ணம் இருக்கின்றன. கச்சிராயபாளையத்திலிருந்தும் மேலே வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவற்றைப் படித்தால், கையெழுத்துதான் வேறு, சங்கதி ஒன்றே: எட்டு ஜி.பி. இருந்தது, இன்னொரு எட்டு போட்டோம், அன்று முதல் ஹேங் ஆகிறது, படம் ஓடும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, கடைக்காரர் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார், கொஞ்ச நாள் ஓடிற்று, மறுபடியும் பழைய கதை.

விலையும் சேர்ந்து குழப்புகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவுச் சில்லுகளை வாரிக்கொண்டதால் 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றுவந்த வியாபாரத்தையே 2026 பிப்ரவரியோடு நிறுத்திக்கொள்வதாகப் பிரகடனம் செய்தது. புதிய ஜோடி வாங்கப் பணம் போதாதவர், இருக்கிற ஒன்றோடு யாரோ கழற்றி விற்ற ஒன்றைச் சேர்த்துப் போட்டுப் பார்க்கிறார். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

நம் பக்கத்துக் கடைகளில் எந்தக் கோளாறுக்கும் முதல் சிகிச்சை ஃபார்மட் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் விண்டோஸை மறுபடி நிறுவும்போது பென்டிரைவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கோப்பும் ராமின் வழியாகவே டிஸ்க்கைச் சென்றடைகிறது என்பதையும், அந்த ராம்தான் சந்தேகத்துக்கு உரியது என்பதையும் சேர்த்து யோசித்தால், புதிதாக நிறுவிய விண்டோஸ் பிறக்கும்போதே ஊனத்தோடு பிறக்கக்கூடும் என்பது விளங்கும். இரண்டாவது சிகிச்சை ரப்பர். மெக்கானிக் ராமை உருவி எடுத்து, அடி விளிம்பில் வரிசையாகப் பளபளக்கும் தங்கமுலாம் பூசிய தொடுமுனைகளைப் பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் ஒரே திசையில் தேய்க்கிறார். கறுப்புத் துகள் உதிர்கிறது. வாயால் ஊதிவிட்டு, இருபுறமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுகிறார். பெட்டி உயிர் பெறுகிறது. இதை நான் பரிகசிக்க மாட்டேன், ஏனெனில் பல சமயம் இது பலிக்கிறது. பலிப்பதற்குக் காரணம் ரப்பர் பாதி, கழற்றி மறுபடி சரியாகப் பொருத்தியது பாதி. ஆனால் தொடர்பு விட்டுப்போன ராம் பெரும்பாலும் கம்ப்யூட்டரை எழவே விடாது. எழுந்து, நன்றாக ஓடி, மாலையில் மட்டும் விழுகிற நோய் வேறு வகையைச் சேர்ந்தது.

அந்த வேறு வகையைப் புரிந்துகொள்ள, ராம் பலகையில் பெரிய சில்லுகளுக்கிடையே மிளகளவு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு சில்லைக் கவனிக்க வேண்டும். எஸ்.பி.டி. என்று பெயர், டி.டி.ஆர்.4-இல் அதன் கொள்ளளவு 512 பைட், டி.டி.ஆர்.5-இல் 1024. பொத்தானை அழுத்தியவுடன் பயாஸ் முதலில் வாசிப்பவற்றில் இது ஒன்று: நான் இத்தனை ஜி.பி., இந்த வேகத்தில், இத்தனை வோல்ட்டில், இன்னின்ன கால இடைவெளிகளில் என்னை நடத்துக என்ற விவரம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த விவரத்துக்கு ஜெடெக் என்னும் சர்வதேசத் தொழிற்சபை இலக்கணம் வகுத்திருக்கிறது, அதன்படி டி.டி.ஆர்.4-இன் உச்ச வேகம் 3200, மின்னழுத்தம் 1.2 வோல்ட். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

ஆனால் அதே சில்லின் மிச்ச இடத்தில் இன்னொரு விவரமும் எழுதப்படுகிறது. இன்டெல் 2007-இல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. என்பதும், ஏ.எம்.டி. 2022-இல் கொண்டுவந்த எக்ஸ்போ என்பதும் இதுதான். ராம் பலகை செய்யும் கம்பெனிகள் தாம் வாங்கிய சில்லுகளைச் சோதித்து, அளவுக்கு மேல் ஓடக்கூடியவற்றைப் பொறுக்கி, 1.35 வோல்ட் கொடுத்தால் இது 3600-இல் ஓடும் என்று அங்கே எழுதிவைக்கின்றன. முன்பெல்லாம் கைதேர்ந்த ஆர்வலர்கள் ராத்திரிகளைத் தொலைத்து எண் எண்ணாக மாற்றிக் கண்டுபிடித்ததை, பயாஸில் ஒரே ஒரு தேர்வால் எவரும் அடையலாம். சாமர்த்தியமான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. எனக்கு உறுத்துவது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகும் எண் இந்த இரண்டாவது விவரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே. ரைஸன் 5 5600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அதற்கு ஏ.எம்.டி. ஒப்புக்கொண்ட வேகம் 3200. கடைக்காரர் அதனோடு சேர்த்துக் கட்டிக்கொடுப்பதோ பல சமயம் 3600. ராம் கம்பெனி தன் பலகைக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. பிராசஸர் கம்பெனியோ, நினைவகத்தின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் வரையறைக்கு மேல் கூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று சிறிய எழுத்தில் எழுதிவைத்து விலகிக்கொள்கிறது. விளம்பரத்தில் ‘ஆதரவு உண்டு’ என்கிறவர்கள் நிபந்தனைப் பத்திரத்தில் ‘உங்கள் சொந்தப் பொறுப்பு’ என்கிறார்கள். கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் வண்டியின் பதிவுச் சான்றில் ஓர் எடையும், எடைமேடையில் வேறோர் எடையும் இருப்பதைப் போன்றது இது. பெரும்பாலும் வண்டி வந்து சேர்ந்துவிடும், அச்சு முறிகிற அன்றுதான் சான்றில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பார்கள்.

இரண்டு வேறு ராம்களை ஒன்றாகப் போடும்போது இந்தத் தொல்லை முற்றுகிறது. ஒவ்வொன்றின் இரண்டாவது விவரமும் அந்தந்த ஜோடியை மட்டும் சோதித்து எழுதப்பட்டது. கலந்து போட்டால் மதர்போர்டு தானாக ஏதோ ஒரு நடுவழியைப் பிடிக்கிறது, அந்த நடுவழியை உலகத்தில் ஒருவரும் சோதித்ததில்லை. ஒரே பெயர், ஒரே மாடல் எண் என்பதும் போதுமான சமாதானம் அன்று. முந்திய தவணையில் ஒரு கம்பெனியின் சில்லும் பிந்திய தவணையில் இன்னொன்றின் சில்லும் அதே ஒட்டுத்தாளின் கீழ் இருக்கலாம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும்: ரைஸன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. தந்துள்ள கணக்கில் இரண்டு ராம் இருந்தால் வேகம் 5200, நான்கு இருந்தால் 3600. பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும். நான்கு பெட்டி வாங்கினவருக்கு இதை யார் சொன்னார்கள்?

விளிம்பில் ஓடுகிற ராம் செய்யும் பிழை சத்தம் போடாது என்பதே இதில் மிகவும் அபாயகரமானது. பதினாறு ஜி.பி.யில் பதின்மூவாயிரத்து எழுநூறு கோடிக்கு மேற்பட்ட பிட்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் சொற்ப மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருப்பதால் சாதாரணமாக 64 மில்லி விநாடிக்குள் மறுபடி நிரப்பப்பட வேண்டும். இத்தனையில் ஒன்று தவறினால் விண்டோஸ் விழலாம், விழாமலும் போகலாம். ஒரு புகைப்படத்தின் மூலையில் கோடு விழலாம், கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகை மாறலாம். 2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் உபரியாகப் பதிவாயின. 4096 என்பது ஒரே ஒரு பிட்டின் மதிப்பு. விண்வெளிக் கதிர் ஒன்று நினைவகத்தைத் தாக்கியிருக்கலாம் என்பது அனுமானமே, நிரூபணம் ஆகவில்லை. கிடைக்கக்கூடியதற்கு மேலே எண்ணிக்கை போனதால்தான் அது அகப்பட்டது. அதே பிழை கீழ்வரிசைப் பிட் ஒன்றில் நேர்ந்து இரண்டு வாக்கு மட்டும் கூடியிருந்தால் யார் கண்டார்கள்?

‘டி.டி.ஆர்.5-இல் பிழைதிருத்தம் உள்ளேயே இருக்கிறது’ என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்பி எழுதிய வாசகருக்கு: இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைப்பது அதுவன்று. சில்லுக்குள்ளே 128 பிட்டுக்கு 8 பிட் காவல் வைத்து, ஒற்றைப் பிழையை அங்கேயே திருத்திக்கொள்கிறார்கள். செல்கள் சிறுத்துக்கொண்டே போவதால் தேறாமல் போகும் சில்லுகளைத் தேற்றுவதற்குச் செய்த ஏற்பாடு அது. சில்லிலிருந்து பிராசஸர் வரையுள்ள பாதையில் நேரும் பிழையை அது காணாது, தான் திருத்தியதை விண்டோஸுக்குத் தெரிவிப்பதுமில்லை. மெய்யான பிழைதிருத்தமாகிய ஈ.சி.சி.க்குத் தனிச் சில்லும், அதற்கு இசையும் பிராசஸரும் மதர்போர்டும் வேண்டும். அதைச் சர்வர்களுக்கென்று ஒதுக்கி வீட்டுக் கணினிகளுக்கு மறுத்ததாக லினக்ஸ் கர்த்தா லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இன்டெல்லைக் கடுமையாகச் சாடினார். அவர் கோபம் நியாயமானதென்பதே என் அபிப்பிராயம்.

எல்லாப் பழியையும் ராமின் மேல் போடுவதும் தவறு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்களில் விளையாட்டுகள் திடீரென்று நின்று, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி காட்டின. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினவர்கள் திகைத்தார்கள். 2024-இன் முற்பகுதியில் மதர்போர்டு அமைப்புகளைச் சுட்டிக்காட்டிய இன்டெல், அவ்வாண்டு ஜூலையில்தான் தன் மைக்ரோகோடே அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கோரிவந்தது என்று ஒப்புக்கொண்டு, பின்பு உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டியது. திரையில் தோன்றும் வாசகம் சாட்சி மட்டுமே, தீர்ப்பு அன்று.

ஆகவே செய்யவேண்டியது யாதெனில், எதையும் வாங்குவதற்கு முன்னால் பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி.யையோ எக்ஸ்போவையோ அணைத்துவிட்டு — சில மதர்போர்டுகளில் அதன் பெயர் டி.ஓ.சி.பி. — ஒரு வாரம் வழக்கம்போல் உபயோகித்துப் பார்ப்பது. கோளாறு நின்றுவிட்டால் குற்றவாளி அந்த அச்சிட்ட வேகம். குறைந்த வேகத்தில் நிம்மதியாக இருப்பதா, நடுவில் ஒன்றைத் தேடுவதா என்பது உங்கள் விருப்பம். நிற்கவில்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பி, ராத்திரி முழுவதும் ஓடவிடுங்கள். ராமின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியது வந்ததா என்று ஒப்பிடுவதே அதன் வேலை. வராத இடத்தில் சிவப்பு வரி விழும், அதில் எதிர்பார்த்ததும் கிடைத்ததும் அருகருகே நிற்கும், இரண்டுக்கும் வித்தியாசம் பல சமயம் ஒரே ஓர் எழுத்துதான். ஒரு வரி விழுந்தாலும் அது பிழையே; ‘ஒன்றுதானே’ என்று சொல்லும் கடைக்காரரை விட்டுவிடுங்கள். பிறகு ஒரு ராமை மட்டும் வைத்து, பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் சோதித்து, அடுத்ததையும் அப்படியே செய்யவேண்டும். பிழை ஒரு ராமைத் தொடர்ந்து ஸ்லாட் ஸ்லாட்டாகப் போனால் ராம் கெட்டது. எந்த ராமை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை நின்றால் மதர்போர்டையோ, பிராசஸர் அமர்ந்திருக்கும் பீடத்தில் வளைந்த முனையையோ சந்தேகிக்கவேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ராமைக் கூட்டினால் விண்டோஸ் 11 ஏறுமா? மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜி.பி.தான்; தடை பெரும்பாலும் பிராசஸரிலும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்திலும் இருக்கிறது, இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே, சில விதிவிலக்குகள் தவிர, பட்டியலில் இடமில்லை.

சித்திரை வெயில் காரணமா? கூகுள் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு, நினைவகப் பிழைகளில் வெப்பத்தின் பங்கு சொற்பம் என்றே கண்டது, தூசியைத் துடையுங்கள்.

மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. அது லோ வோல்டேஜ்; எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் யு.பி.எஸ். பேட்டரியையும் பாருங்கள்.

டி.டி.ஆர்.5 போட்டதும் திரை வரவில்லை. முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் ஆகும், அணைக்காமல் காத்திருங்கள்.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் போதுமா? பிழை உண்டு என்றால் நம்பலாம், இல்லை என்றால் நம்பவேண்டாம்.

இனி இந்தியாவிலேயே ராம் செய்கிறார்களாமே? குஜராத்தின் சனந்தில் மைக்ரான் அமைத்தது வெளியில் செய்த சில்லை அடைத்துச் சோதிக்கும் ஆலை. சில்லு இங்கே பிறப்பதில்லை.

க்ரூஷியல் ராம் வாங்கியவர்கள் கதி? உத்தரவாதச் சேவை தொடரும் என்று மைக்ரான் கூறியிருக்கிறது.

பில்லையும், ராமின் மேல் ஒட்டிய தொடர் எண் தாளையும், மெம்டெஸ்டின் சிவப்பு வரி தெரியும் புகைப்படத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஜோடியாக வாங்கியதில் ஒன்றே கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்வதே கம்பெனிகளின் வழக்கம் என்பதால், மாற்று வந்து சேரும்வரை ஓட்டுவதற்குப் பழைய ராம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்சல் கட்டுங்கள்.