"தயிர்தானே!" என்று பெரிய கப் வாங்குகிறீர்களா?

உங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு கடை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் சீரியல் விளக்கு, உள்ளே ஏ.சி., சுவர் முழுக்க ஸ்ட்ராபெர்ரி படம். போர்டில் 'ஃப்ரோசன் யோகர்ட்' என்று போட்டிருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் நீங்கள் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, பழைய சோற்றில் கெட்டித் தயிர் விட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர். 'தயிரை ஐஸாக்கி விக்கிறாங்களா?' என்று சிரிப்புதான் வரும். ஆனால் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கும். எப்படியும் போகத்தான் போகிறீர்கள். அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்களேன்.

பாகூரில் இருக்கும் என் அத்தைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். காபிக்குச் சீனி கிடையாது. பொங்கலன்றுகூட சர்க்கரைப் பொங்கலை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வதோடு சரி. அப்படிப்பட்டவர், புதுச்சேரிக்கு ஜவுளி எடுக்கப் போன இடத்தில், பேரனோடு இப்படியொரு கடைக்குள் நுழைந்து பெரிய கப் ஒன்றைக் காலி செய்துவிட்டார். மேலே மாம்பழ சிரப், ஜெல்லி மிட்டாய் வேறு! "ஏன் அத்தை?" என்று கேட்டேன். "ஐஸ்கிரீம்னா தொடுவேனா? இது தயிர்தானேம்மா!" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் ரத்தம் தொட்டுப் பார்த்தால் 286!

அத்தையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவருடைய நாக்கே அல்லவா ஏமாந்துவிட்டது! ஜில்லென்று இருக்கும் பண்டத்தில் இனிப்பு முழுசாகத் தெரியாது. உருகிப்போன ஐஸ்கிரீமை நக்கிப் பாருங்கள், திகட்டும். அதே ஐஸ்கிரீம் உறைந்திருந்தபோது அளவாகத்தானே இனித்தது? இதில் தயிரின் புளிப்பும் சேர்ந்துகொள்கிறது. புளிப்பை அமுக்கச் சர்க்கரை போட வேண்டும், குளிரை மீறி இனிக்க இன்னும் கொஞ்சம் போட வேண்டும். குளிரும் புளிப்பும் கூட்டுச் சேர்ந்து சர்க்கரையை மறைத்துவிடுகின்றன.

எவ்வளவு சர்க்கரை என்கிறீர்களா? வீட்டில் உறை ஊற்றிய தயிர் 100 கிராமில், பாலிலேயே இருக்கும் சர்க்கரை 4, 5 கிராம்தான். ஃப்ரோசன் யோகர்ட்டில் கடைக்குக் கடை மாறும் என்றாலும், 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் என்பது சாதாரணம். அதாவது நாலைந்து டீஸ்பூன். நாமே பிடித்துக்கொண்டு எடைக்குக் காசு கொடுக்கும் கடைகளில் கப் 200 கிராமைச் சுலபமாகத் தாண்டிவிடும். மேலே தூவுகிற சாக்லேட், சிரப் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாள் ஒன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. ஒரே கப்பில் அந்த 25 காலி!

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இதற்கு நல்ல பக்கமும் உண்டு. நம் நாட்டு விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவிகிதம் இருக்க வேண்டும். தயிர் ஐஸில் பெரும்பாலும் அதைவிடக் கொழுப்பு குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களில் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளும். காரணம், தயிர்க் கிருமிகள் பால் சர்க்கரையில் ஒரு பங்கை முன்கூட்டியே தின்றுவிடுகின்றன. உறைய வைத்தால் அவை செத்துவிடுமே என்று சந்தேகம் வரும். பெரும்பாலும் சாவதில்லை, தூங்குகின்றன. ஆனால் தயிரான பிறகு சூடுபடுத்தியிருந்தாலோ, உறையே ஊற்றாமல் வெறும் பவுடரில் புளிப்பு சேர்த்துக் கலக்கியிருந்தாலோ தூங்குவதற்குக்கூட அங்கே யாரும் இல்லை!

இந்தச் சரக்கின் கதையும் வேடிக்கையானது. 1981-ல் அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் ஊரில் ஒருவர் கடை போட்டார். கடையின் பெயர் என்ன தெரியுமா? 'இது தயிராக இருக்க முடியாது!' அதே சாயலில் பெயர் வைத்திருந்த இன்னொரு கம்பெனி வழக்குப் போட்டதால், 'நாட்டின் சிறந்த தயிர்' என்று மாற்றிக்கொண்டார்கள். (என்னைக் கேட்டால் பழைய பெயர்தான் பொருத்தம்.) 2005-ல் கலிஃபோர்னியாவில் பிங்க்பெர்ரி வந்த பிறகு புளிப்புச் சுவைக்கு மவுசு கூடியது. 2009 வாக்கில் டெல்லியில் கோகோபெர்ரி கடைகள் திறந்தன.

சரி, கடைக்குள் போய்விட்டீர்கள். கவுன்ட்டர் பையனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "தம்பி, இது தயிர் உறை ஊத்தினதா, பவுடர் மிக்ஸா?" பாக்கெட்டையே காட்டச் சொல்லுங்கள். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று அச்சிட்டிருந்தால் அதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கிறது என்று பொருள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மெஷின். குழாயைத் திறந்தால் வழிகிற மெஷின் என்றால், "எப்பப்பா கழட்டிக் கழுவினீங்க?" என்று கேட்டுவிடுங்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில் உள்ளே இருக்கும் கலவை இளகி மறுபடி உறையும். அது கிருமிகளுக்குக் கல்யாண விருந்து! லிஸ்டீரியா என்ற கிருமி குளிரிலும் வளரக்கூடியது. வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பிணிப் பெண்கள் குழாய் ஐஸ் பக்கமே போக வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சின்ன கப், வெட்டிய பழம், சிரப் கிடையாது. மாதம் ஒரு தடவை என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. தினசரி சாயங்கால டிபனுக்குப் பதில் இதுதான் என்று ஆகும்போதுதான் வம்பு.

வீட்டிலேயே செய்யலாமே என்கிறீர்களா? ரொம்பச் சுலபம். பான்லே பூத்தில் ஒரு பாக்கெட் பால் வாங்கிக் காய்ச்சி ('லே' என்றால் பிரெஞ்சில் பால்தானே), மண்சட்டியில் உறை ஊற்றுங்கள். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர்க்காரர்களுக்கு மண்சட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மண் நீரை இழுத்துக்கொள்வதால் தயிர் கெட்டியாக விழும். வெள்ளைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் நாலு மணி நேரம் வடிய விடுங்கள். நன்றாகப் பழுத்த இரண்டு வாழைப்பழத்தை வில்லையாக நறுக்கி முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறைந்த வில்லைகளையும் ஒரு கப் வடித்த தயிரையும் ஏலப்பொடியோடு மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் ஐஸ்கிரீம் பதத்துக்கு வந்துவிடும். சர்க்கரையே வேண்டாம். உடனே சாப்பிட வேண்டும், வைத்தால் கல்லாகிவிடும். (சர்க்கரைக்காரர்கள் வாழைப்பழத்தைப் பாதியாக்கிக்கொண்டு, இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழத்திலும் சர்க்கரை உண்டு.)

அத்தை போன மாதம் மறுபடி அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். பேரனின் கப்பிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் உருக விட்டு, அப்புறம் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். "ஐயோ, பாகு மாதிரி இனிக்குதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்களும் தட்டு கேட்டார்களாம்.