ஊட்டியிலிருந்து வந்த பெட்டி

போன மே மாதம் ஒருநாள், இரவு பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கதவைத் தட்டினான். ஊட்டி போய்வந்த பையை ஹாலிலேயே போட்டுவிட்டு ஆளாளுக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள். வந்து பார்த்தால் ஹோம்மேட் சாக்லேட் பெட்டி சோபாவுக்கு அடியில் கிழிந்து கிடக்கிறது. ஆறு கிலோ பொமேரேனியன் மணி வாயை நக்கிக்கொண்டு நிற்கிறான்.

"நல்லாத்தாண்ணா இருக்கான். காலையில பாத்துக்கலாமா?"

இந்த 'நல்லாத்தான் இருக்கான்'தான் ஆளைக் கவிழ்ப்பது. கோகோவில் தியோபுரோமின் என்றொரு பொருள் இருக்கிறது, கூடவே கொஞ்சம் காஃபீனும். நம் உடம்பு அதைச் சீக்கிரமே கழித்துவிடும். நாய்க்கோ அதில் பாதி வெளியேறவே சுமார் 17 மணி நேரம் பிடிக்கும். தின்று இரண்டு மணி நேரத்தில் அறிகுறி தெரியலாம், பன்னிரண்டு மணி நேரம் வரை தள்ளியும் போகலாம். முதலில் வாந்தி, தாகம், ஓரிடத்தில் நிற்காத அலைச்சல். முற்றினால் இதயம் தாறுமாறாக அடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். உயிரும் போகலாம்.

எவ்வளவு தின்றது என்பதோடு எதைத் தின்றது என்றும் பார்க்க வேண்டும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் போனால் தொந்தரவு ஆரம்பம், 40, 50ஐத் தொட்டால் இதயத்துக்குச் சிக்கல், 60க்கு வலிப்பு. மில்க் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம், டார்க் என்றால் 5 அல்லது அதற்கும் மேல், கேக்குக்குப் போடும் கோகோ பவுடரில் 20ஐத் தாண்டும். மணியின் எடைக்குத் தொந்தரவு ஆரம்பிக்க மில்க் சாக்லேட் 60 கிராம் வேண்டும்; கோகோ பவுடரில் ஒரு மேசைக்கரண்டியே போதும். 30 கிலோ லாப்ரடார் தின்று தப்பித்த கதையைச் சொல்லிப் பொமேரேனியன்காரருக்குத் தைரியம் கொடுக்காதீர்கள்.

மணி விஷயத்தில் கணக்கே போட முடியவில்லை. வெறும் அட்டைப்பெட்டி, அதில் ஒரு எழுத்து இல்லை. பெட்டியில் அடைத்து விற்கும் தின்பண்டத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். சுற்றுலாக் கடையில் அதை யார் கேட்கிறோம்? கேளுங்கள். சர்க்கரை இல்லாத சாக்லேட் என்றால் சைலிட்டால் அல்லது 967 என்ற எண் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே சரித்துவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

தம்பியின் அம்மா அதற்குள் உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார். நல்லவேளை, தடுத்தோம். வாந்தி வரட்டும் என்று உப்பைக் கொடுத்தால் அந்த உப்பே நாய்க்கு விஷமாகும். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் இதை முறிக்காது. முறிமருந்து என்று ஒன்று கிடையவும் கிடையாது. மருத்துவர் போனில் மூன்றே கேள்விதான் கேட்டார்: எடை எவ்வளவு, என்ன தின்றது, எத்தனை மணிக்கு. கிழிந்த பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்தார்கள், கரித்தூள் கொடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீர்ப்பையில் தேங்கினால் தியோபுரோமின் மறுபடி ரத்தத்தில் கலக்குமாம். அதனால் அடிக்கடி வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்கவைத்தார்கள்.

உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது? சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவு உண்டு. இரவு நேரத்தில் யாரை அழைப்பது என்று இன்றே விசாரித்து எண்ணைப் போனில் போட்டுவையுங்கள். தெருநாய்க்கு வேண்டுமென்றே இப்படி எதையாவது கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். நாய் செத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

மணி எடுத்த வாந்தியில் உலர் திராட்சை கிடந்தது. பெட்டியில் இருந்தது ஃப்ரூட் அண்ட் நட் வகை என்று அப்போதுதான் தெரிந்தது. மருத்துவர் முகம் மாறியது. திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். சாக்லேட்டின் படபடப்பு மறுநாள் மாலை அடங்கிய பிறகும் அவனை வீட்டுக்கு விடவில்லை. மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தது.